பேனரில் சிரித்த அண்ணன்

கச்சிராயபாளையம் சாலையில் ஊருக்குத் திரும்பும் முக்கில் அந்த பேனரைக் கட்டிய அன்று, ஜெயம்மாள் ஒரு கல்யாண வேலையை முடித்துவிட்டு ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தாள். "நிறுத்துப்பா, நிறுத்துப்பா" என்று அவள் போட்ட சத்தத்தில், யாரோ கீழே விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து டிரைவர் பிரேக்கை மிதித்தான். யாரும் விழவில்லை. பேனரில் அவளுடைய அண்ணன் பூமாலை நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, வாய் கொள்ளாத சிரிப்பு. தலைக்கு மேலே பெரிய எழுத்தில், "சர்க்கரை நோய்க்கு விடை கொடுத்தேன்! மாத்திரை இல்லாமல் வாழ்கிறேன்!" என்று போட்டிருந்தது. காலடியில் கரியாலூர் இயற்கை மருத்துவ இல்லம், டாக்டர் இளஞ்செழியன், ஒரு போன் நம்பர்.

எங்கள் பக்கத்தில் சாதாரண மனுஷன் முகம் பேனரில் ஏற வேண்டுமென்றால் கல்யாணம் ஆக வேண்டும், கட்சியில் சேர வேண்டும், அல்லது சாக வேண்டும். இது எதுவுமே செய்யாமல் ஒன்றரை ஏக்கர் கரும்பு வைத்திருக்கும் ஒருவர் அறுபது வயதில் பேனருக்கு வந்துவிட்டார் என்றால் தங்கைக்குத் தலைகால் புரியுமா? ஆட்டோவில் இருந்த அத்தனை பேருக்கும், "எங்கண்ணன், எங்கண்ணன்" என்று கைகாட்டிவிட்டுத்தான் ஜெயம்மாள் வண்டியைக் கிளம்பவிட்டாள்.

அவளுக்கு அண்ணன் என்றால் அப்படி. புருஷன் செத்தபோது ராதிகா இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். காணி நிலம் கிடையாது. களை எடுக்கப் போனாள், கரும்பு வெட்டப் போனாள், கடைசியில் கந்தசாமி மேஸ்திரியின் சமையல் செட்டில் ஒட்டிக்கொண்டாள். கள்ளக்குறிச்சியைச் சுற்றி எந்த ஊரில் பந்தி நடந்தாலும் அண்டாவில் சோறு வடிக்கிற வேலை அவளுடையது. இத்தனை வருஷத்தில் அவள் அடுப்பு அணையாமல் இருந்தது என்றால் அதற்குப் பூமாலைதான் காரணம். ஆலைக்குக் கரும்பு ஏற்றிய கையோடு தங்கை வீட்டில் ஒரு மூட்டை அரிசியை இறக்கிவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவார். ராதிகாவின் காதுகுத்துக்கும் சடங்குக்கும் மாமன் சீர் குறைவில்லாமல் செய்தவர். ஒரு தடவைகூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை. அண்ணன் கிழித்த கோட்டை ஜெயம்மாள் தாண்டியதும் இல்லை.

இரண்டு பேருக்கும் சர்க்கரை உண்டு. பூமாலைக்குப் பல வருஷமாக. ஜெயம்மாளுக்குப் பள்ளிக்கூடத்தில் போட்ட முகாமில் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து செந்தமிழ்ச்செல்வி என்ற பெண் மாதாமாதம் வீடு தேடி வந்து அரசாங்க மாத்திரையைக் கொடுத்துவிட்டு, விரலில் ஒரு குத்து குத்திப் பார்த்துவிட்டுப் போவாள்.

போன வருஷம் பூமாலைக்கு முழங்கால் வலி வந்து, யாரோ சொன்னார்கள் என்று மலையேறிக் கரியாலூருக்குப் போனார். அங்கே தங்கவைத்து, வயிற்றில் களிமண் பற்றுப் போட்டு, இடுப்பளவு தண்ணீரில் உட்காரவைத்து, வேளாவேளைக்குச் சுரைக்காய்ச் சாறும் வேகவைத்த காயும் கொடுத்தார்கள். திரும்பி வந்தவர் ஆளே மாறியிருந்தார். தொப்பை வற்றியிருந்தது. குந்தி எழும்போது முனகவில்லை. எல்லாவற்றையும்விட அந்த டாக்டர் பையன் தன்னை "ஐயா" என்று கூப்பிட்டதைத்தான் அவர் ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அதுவரை அவர் பார்த்த டாக்டர்கள் எல்லாம் "நாக்க நீட்டு" என்று சொன்னவர்கள்தான்.

பேனரைப் பார்த்த கையோடு ஜெயம்மாள் அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"இன்னாண்ணா, ரோட்ல ஹீரோ கணக்கா சிரிச்சிக்கினு நிக்கிற?"

பூமாலைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "அந்தப் புள்ள ஆசையா கேட்டுச்சு. போட்டோதானே, எடுத்துக்கோ தம்பின்னேன்."

"அப்போ சுகரே இல்லியா ஒனக்கு?"

"ரத்தம் டெஸ்ட் பண்ணாங்க. எல்லாம் நார்மல்னு வந்துட்ச்சி."

அவர் சொன்னது அவ்வளவுதான். மீதியை பேனர் சொல்லிவிட்டது. அண்ணன் தங்கையிடம் பொய் சொல்வாரா? அடுத்த வாரம் மறுபடி போனபோது, அவர் மாட்டுக்குச் சோளத்தட்டை போட்டுக்கொண்டிருந்தார். ஜெயம்மாள் பெருமையாகச் சொன்னாள்.

"ண்ணா, நானும் மாத்திரைய வுட்டுட்டேன்."

அண்ணி சமையல்கட்டிலிருந்து ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பூமாலை கையில் இருந்த தட்டையை இரண்டாக முறித்து, நாலாக முறித்து, மாட்டின் முன்னால் போட்டார். பிறகு, "நல்லது பாப்பா. வாயக் கட்டு. கீர, சொரக்கா நெறைய சாப்புடு" என்றார்.

ஜெயம்மாளும் வாயைக் கட்டினாள். கல்யாண வீட்டில் வேலை செய்துகொண்டு வாயைக் கட்டுவது எவ்வளவு முடியுமோ அவ்வளவு கட்டினாள். செந்தமிழ்ச்செல்வி மாத்திரையோடு வந்தபோது அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"வேணாம் கண்ணு. அத்தினி ஜாஸ்தி இருந்த எங்கண்ணனே வுட்டுட்டாரு. எனக்கு கம்மிதானே."

செல்வி வாயைத் திறந்தாள், மூடினாள். "ஒங்கண்ணன வுடுங்கக்கா. நீங்க சாப்புடுங்க. சொன்னா கேளுங்கக்கா, எம் மேல சத்தியமா கேட்டுக்கிறேன்" என்று கெஞ்சினாள். ஒரு மாத்திரைக்கு இந்தப் பெண் ஏன் இவ்வளவு கெஞ்சுகிறது என்று ஜெயம்மாளுக்குச் சிரிப்பாக வந்தது. அடுத்த மாதமும் கெஞ்சினாள், அதற்கடுத்த மாதமும் கெஞ்சினாள். இவள் வாங்கவே இல்லை.

திருக்கோவிலூரில் ஒரு மண்டபத்தில் முகூர்த்தச் சாப்பாட்டுக்கு வடித்துக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. இரண்டு பேர் அண்டாவைச் சாய்க்க, இவள் மேலே தட்டை அமுக்கிப் பிடித்திருந்தாள். கொதிக்கிற கஞ்சி வாய்க்காலில் விழாமல் பக்கவாட்டில் ஓடி வந்தது. எதிரே காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், "யக்கா! காலு! காலு!" என்று அலறினாள். ஜெயம்மாள் குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது பாதம் கஞ்சிக்குள் நின்றுகொண்டிருந்தது. ஆவி பறந்தது. அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"இவ ஒருத்தி, எதுக்கு கத்துற? எனக்கு ஒண்ணும் ஆவலடி" என்று சிரித்துவிட்டு, அண்டாவைக் கவிழ்க்காமல் வேலையை முடித்த பிறகுதான் காலைக் கழுவினாள். சூடு உறைக்காததை அவள் அதிர்ஷ்டம் என்று நினைத்தாள். பாவி மகள்! நரம்பு செத்துப்போனதைப் போய் அதிர்ஷ்டம் என்று நினைத்தாள்!

இரண்டு நாளில் பாதமெல்லாம் கொப்புளம் கட்டி உடைந்தது. பூமாலை ஓடி வந்தார். பார்த்துவிட்டுப் பதறினார். "ஆசுபத்திரிக்குப் போனா ஊசி, மாத்திரைன்னு ஆரம்பிச்சுடுவாங்க. கரியாலூர்ல மண்ணு பத்து போடுவாங்க பாப்பா, குளுகுளுன்னு எறங்கும்" என்று சொல்லிவிட்டுத் தன் வயல் வரப்பிலிருந்த புற்று மண்ணைத் தோண்டி எடுத்து வந்தார். தண்ணீர் விட்டுக் கையாலேயே பிசைந்தார். தங்கையின் காலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, தாய் பிள்ளைக்குப் பூசுவதுபோல ஒரு இடம் விடாமல் பூசினார். பூசி முடித்துத் துண்டால் விசிறியும் விட்டார். ஜெயம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. அப்பா இருந்திருந்தால்கூட இப்படிச் செய்திருக்க மாட்டார் என்று ராதிகாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

கள்ளக்குறிச்சியில் ஜவுளிக்கடை வேலைக்காக விடுதியில் தங்கியிருந்த ராதிகா, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து வாசற்படியிலேயே மூக்கைப் பொத்தினாள். மண்ணைக் கழுவிப் பார்த்தாள். விரல்கள் கருத்துப்போயிருந்தன. அப்படியே அம்மாவை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. விரல்களோடு முன்பாதத்தையும் எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் முழங்கால் வரைக்கும் கேட்கும் என்று சொல்லிவிட்டார்கள். அறுவை டாக்டர், "மாத்திரையை ஏம்மா நிறுத்தினீங்க?" என்று கேட்டதற்கு ஜெயம்மாள் ஒளிக்காமல் சொன்னாள்: "எங்கண்ணன் நிறுத்திட்டாருங்க. பேனர்லகூட போட்டிருக்குதுங்க." அவர் பேனா பிடித்திருந்த கையை அப்படியே நிறுத்தினார். எந்த பேனர், எந்த டாக்டர் என்று கேட்டுக்கொண்டார்.

ரத்தம் வேண்டும் என்றார்கள். முதல் ஆளாகப் பூமாலைதான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனார். அதையும் சொல்லத்தான் வேண்டும். ரத்த வங்கியில் இருந்த நர்ஸ் எல்லாரையும் கேட்பதுபோல அவரையும் கேட்டாள்: மஞ்சள் காமாலை வந்திருக்கிறதா, வலிப்பு உண்டா, தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா? முன்னால் நின்ற ராதிகாவின் முதுகு அவர் கண்ணில் படவில்லையோ என்னவோ. தங்கைக்குப் போகிற ரத்தம், அதில் தப்பு ஏதும் வந்துவிடக் கூடாது என்று பயந்தாரோ என்னவோ. குரலைத் தாழ்த்தி உண்மையைச் சொன்னார்.

"சுகர் மாத்திரை சாப்புடுறேங்க. காலைல ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணு. வுட்டதே இல்லீங்க."

அறுவை முடிந்து மயக்கம் தெளிந்து, ஜெயம்மாள் கட்டுப்போட்ட காலைப் பார்த்து, அழுது, தேற்றிக்கொண்டு, கஞ்சி குடிக்கிற அளவுக்கு வந்த பிறகுதான் ராதிகா அதைச் சொன்னாள். ஜெயம்மாள் மகளைத்தான் முறைத்தாள்.

"வாய கழுவு. ஒம் மாமனப் பத்தி பேசுற."

"எங் காதால கேட்டம்மா. செல்வியக்காவுக்கு போன் போட்டு கேளு."

போன் போட்டாள். மறுமுனையில் செந்தமிழ்ச்செல்வி தேம்பித் தேம்பி அழுதாள். "யக்கா, வூட்டுக்கு வராத, மோட்டார் கொட்டாய்க்கு வந்து குடுத்துட்டுப் போன்னு அண்ணன் சொன்னாருக்கா. மாசாமாசம் அங்கதான் குடுப்பேன். ஒருத்தர் சீக்க இன்னொருத்தர்கிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்களுக்கு ட்ரெயினிங்லயே சொல்லிக்கிறாங்கக்கா. வேல போயிடும்க்கா. அதான் அப்பிடி கெஞ்சினேன்."

ஜெயம்மாள் போனை வைத்தாள். ஆத்திரம் முதலில் அந்தப் பெண்மேல்தான் வந்தது. பிறகு, அந்தப் பெண்ணாவது கெஞ்சினாளே என்று தோன்றியது. கெஞ்சக்கூடச் செய்யாத ஒருவர் சாயங்காலம் தூக்குவாளியில் ரசம் எடுத்துக்கொண்டு வந்தார்.

"நீ மாத்திர சாப்புடுறியாண்ணா?"

பூமாலை வாளியைக் கீழே வைத்தார். இல்லை என்று சொல்லவில்லை. அப்புறம் மெதுவாகப் பேசத் தொடங்கினார். கரியாலூர் டாக்டர் முதல் நாளே, "மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க ஐயா, உங்க டாக்டரைக் கேட்டுட்டுதான் குறைக்கணும்" என்று சொல்லியிருந்தார். கொஞ்ச மாதத்தில் சர்க்கரை நன்றாக இறங்கியது. அன்றைக்கு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பையன் கண்ணெல்லாம் மினுங்க, "உங்க டாக்டர் மாத்திரையை நிறுத்திட்டாரா ஐயா?" என்று கேட்டிருக்கிறான்.

"அத்தினி ஆசையா கேட்டுச்சு பாப்பா. மூஞ்சுக்கு நேரா இல்லன்னு எப்பிடி சொல்றது? ஆமாந்தம்பி, நிறுத்திட்டாருன்னேன்."

டாக்டரிடம் சொல்லும் பொய்யை எங்கள் பக்கத்தில் யாரும் பொய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. அது ஒரு மரியாதை. டீயைக் குடித்துவிட்டுப் போய் "வெறும் வயிறுதாங்க" என்போம். அட்டையைப் பிரிக்காமலே "வேளாவேளைக்கு போட்டுக்கிறேங்க" என்போம். இங்கிலீஷ் டாக்டரிடம் நாட்டு மருந்தை மறைப்போம், நாட்டு வைத்தியரிடம் ஊசியை மறைப்போம். இரண்டு பேர் மனமும் கோணாமல் நடந்துகொண்டதாக ஒரு திருப்தி. அந்த இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை என்பதால் அது வெளியே வருவதும் இல்லை. பூமாலை செய்தது ஊரே செய்வதுதான். ஆனால் ஊரில் வேறு யாரும் அந்தப் பொய்யோடு பேனரில் ஏறி நிற்கவில்லை.

"டாக்டர்கிட்ட சொன்ன, சரி" என்றாள் ஜெயம்மாள். "நான் வுட்டுட்டேன்னு ஒங்கிட்ட வந்து சொன்னேனே. தட்டய ஒடச்சிக்கினு நின்னியே. அப்போ இன்னா சொன்ன நீ?"

"பாப்பா..."

"நல்லதுன்னு சொன்னண்ணா. நீ மாத்திரைய முழுங்கிக்கினு, என்ன நல்லதுன்னு சொன்ன."

பூமாலை துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "ஒனக்கு கம்மியாத்தானே இருந்துச்சு, ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன். ஒங்கிட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சிடும்னு..." என்றார். ஆக, தங்கையின் காலையும் பேனரில் இருந்த முகத்தையும் அந்த மாட்டுக்கொட்டகையில் நின்று அவர் எடைபோட்டுத்தான் பார்த்திருக்கிறார். முகம் ஜெயித்துவிட்டது. ஜெயம்மாள் அந்த ரசத்தைத் தொடவில்லை.

மறுநாள் டாக்டர் இளஞ்செழியன் வந்தான். முப்பது வயதுகூட இருக்காது. அறுவை டாக்டர் மேலிடத்துக்கு எழுதி அனுப்பியதில் அவனுக்கு நோட்டீஸ் போயிருந்தது. பேனரை அவனே ஆள் வைத்து இறக்கிவிட்டுத்தான் வந்திருந்தான். ஜெயம்மாளின் காலைப் பார்த்தான், பூசியது புற்று மண் என்று கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"தெறந்த புண்ணுல மண்ணு வைக்கவே கூடாதும்மா. எங்களுக்கு அது முதல் பாடம்."

"அது கெடக்கட்டும். நீ படிச்சவன்தானே? சுகர் போயிட்ச்சின்னு பேனர் கட்டலாமா தம்பி?"

அவன் சுற்றி வளைக்கவில்லை. "கட்டக்கூடாதும்மா. தெரியும். ஐந்தரை வருஷம் படிச்சேன், ஆனாலும் என்னை டாக்டர்னே மதிக்கமாட்டேங்கிறாங்க. எல்லாரும் கட்டறாங்க, நாமும் கட்டினா நாலு பேர் நம்புவாங்கன்னு பார்த்தேன். ஐயா சொன்னதை அவரோட டாக்டர்கிட்ட ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கணும். கேட்டா இல்லன்னு சொல்லிடுவாரோன்னு கேக்கல." போகும்போது வராந்தாவில் நின்றிருந்த பூமாலையைப் பார்த்து, "ஏன் ஐயா எங்கிட்ட பொய் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டான். 

காயம் ஓரளவு ஆறி, கைத்தடியைப் பிடித்துக்கொண்டு நாலடி நடக்கப் பழகிய நேரத்தில் பேனர் விஷயமாகக் கள்ளக்குறிச்சியில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதற்கு முந்தின நாள் பூமாலை வந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

"நாளைக்கு கேப்பாங்க பாப்பா. அந்த டாக்டரு நிறுத்தச் சொன்னாருன்னு சொல்லிடு. அவரு படிச்சவரு, எப்பிடியாவது சமாளிச்சிக்குவாரு. நான் மாத்திர சாப்புட்டது வெளிய வந்துட்ச்சின்னா ஊர்ல தல காட்ட முடியாது. மேலத்தெருவுல நாலஞ்சி பேரு என்ன பாத்து மாத்திரைய வுட்டுட்டாங்க."

"அவங்கள்ட்ட போய் சொல்லிட்டியா? மறுபடி போட்டுக்கங்கன்னு?"

"எப்பிடி பாப்பா சொல்றது?"

அவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அண்ணன் கேட்டு அவள் மறுத்த பழக்கமே இல்லை. அந்த டாக்டரை, அவன் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்னால் அவள் பார்த்ததுகூட இல்லை. ஒரே ஒரு பொய் சொன்னால் தாய்வீடு நிலைக்கும். ராதிகா கல்யாணத்துக்கு மாமன் வந்து மணவறையில் நிற்பார். சொல்லாவிட்டால் அவளுக்கென்று யாரும் இல்லை. அன்று முழுக்க அவள் இதையேதான் புரட்டிப் புரட்டி யோசித்தாள்.

விசாரணை அதிகாரி ஒரு நடுவயதுப் பெண். எதிரில் ஜெயம்மாள், பக்கத்தில் ராதிகா. ஒரு ஓரத்தில் பூமாலை, இன்னொரு ஓரத்தில் இளஞ்செழியன். அந்த அம்மா நிதானமாகப் பேசினார்.

"இயற்கை மருத்துவம் ஏமாத்து வேலைன்னு நாங்க சொல்ல வரலம்மா. அரசாங்கம் ஒத்துக்கிட்ட படிப்பு அது. இவர் முறையா பதிவு பண்ணினவர். தன்னோட வைத்தியத்தை இவர் தாராளமா செய்யலாம். ஆனா இன்னொரு டாக்டர் எழுதின மாத்திரையை இவர் இஷ்டத்துக்கு நிறுத்தச் சொல்லக்கூடாது. சர்க்கரையை குணமாக்கிட்டேன்னு விளம்பரமும் போடக்கூடாது, அதுக்குச் சட்டம் இருக்கு. விளம்பரம் போட்டதை அவரே ஒத்துக்கிட்டார், அதுக்கு நடவடிக்கை உண்டு. நிறுத்தச் சொன்னார்னு தெரிஞ்சா இவர் பதிவே போயிடலாம். அதனால யோசிச்சுச் சொல்லுங்க. மாத்திரையை நிறுத்தச் சொன்னது இவரா?"

பூமாலை தங்கையைப் பார்த்தார். சின்ன வயதில் அவள் எதையாவது உடைத்துவிட்டு அப்பாவுக்குப் பயந்து அவரைப் பார்ப்பாளே, அதே பார்வை. ஜெயம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினாள்.

"இல்லீங்க. மாத்திரைய நிறுத்துறப்ப இவர நான் பாத்ததே இல்லீங்க. பேனர பாத்து நானாதான் நிறுத்தினேன். நிறுத்திட்டேன்னு எங்கண்ணன்கிட்ட சொன்னேங்க. நல்லதுன்னாருங்க. மண்ணு பூசினதும் அவருதாங்க. அவரு மட்டும் இன்னிவரைக்கும் மாத்திர சாப்புடுறாருங்க."

அதிகாரி பூமாலை பக்கம் திரும்பினார். "உங்க தங்கச்சி மாத்திரையை நிறுத்தினது உங்களுக்குத் தெரியுமா?"

 சொல்லிவிடுவார் என்றுதான் ஜெயம்மாள் நம்பினாள். அழுதாரே, ரத்தம் கொடுத்தாரே, இப்போதாவது சொல்லிவிடுவார். பூமாலை துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அதிகாரிக்கு மரியாதையாகக் குனிந்தார்.

"தெரியாதுங்கம்மா. எங்கிட்ட சொல்லவே இல்லீங்க. தெரிஞ்சிருந்தா வுட்டிருப்பனா?"

இளஞ்செழியன் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான். ராதிகா, "மாமா!" என்று கத்தியேவிட்டாள். ஜெயம்மாள் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். தான் சொன்னதில் எதையும் மாற்றாமல் அவள் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே பூமாலை ஆட்டோ பேசி நிறுத்திவைத்திருந்தார். உள்ளே எதுவுமே நடக்காததுபோல, "மெதுவா ஏறு பாப்பா, கால பாத்து வை" என்று கையை நீட்டினார். ஜெயம்மாள் ஏறவில்லை.

"ண்ணா, ஒண்ணு கேக்குறேன்."

"இன்னா பாப்பா?"

"ராதிகா அப்பா சாவற நேரத்துல நீதான் ஆசுபத்திரில கூட இருந்த. நான் புள்ளய வெச்சிக்கினு வூட்ல கெடந்தேன். கடைசியா எம் பேரத்தான் சொன்னாரு, ஜெயாவ பாத்துக்கோ மச்சான்னு சொல்லிட்டு கண்ண மூடினாருன்னு வந்து சொன்னியே. அது நெசமா?"

அந்த மனுஷன் நல்லபடியாக வாழ்ந்தவன் அல்ல. குடித்துவிட்டு அடித்தவன். ஆஸ்பத்திரிக்குப் போன அன்றுகூட அவளோடு சண்டை போட்டுவிட்டுத்தான் படுத்தான். கடைசி மூச்சில் தன் பெயரைச் சொன்னான் என்ற அந்த ஒரு சொல்லுக்காக அவள் அவனுடைய எல்லாவற்றையும் மன்னித்திருந்தாள். அடுப்புச் சூட்டில் நின்று வெந்த வருஷங்களில், இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொள் என்று ஆளாளுக்குச் சொன்னபோது, அந்தச் சொல்தான் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தது.

பூமாலை யோசிக்கவே இல்லை. முகம் இளகி, குரல் குழைந்து, "சத்தியமா பாப்பா. உம் பேரத்தான் சொன்னாரு" என்றார்.

அன்றைக்கு மாட்டுக்கொட்டகையில் "நல்லது பாப்பா" என்று சொன்னாரே, அதே குரல். அதே இளகல். உண்மையாகவே இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஜெயம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாதத்தை எடுத்தபோதுகூட இப்படி வராத அழுகை அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. ராதிகாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, போகிறவர் வருகிறவர் நின்று பார்க்க, நடுரோட்டில் ஓவென்று அழுதாள். தன் புருஷன் அன்றைக்குத்தான் செத்தான் என்று அவளுக்குத் தோன்றியது.